தூருக்குப் பதின்மூன்று ரூபாய்: ஓர் ஏக்கர் சீமைக்கருவையின் வரவு செலவு

ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒரு தூர் வீதம் சீமைக்கருவை அடைந்து கிடந்தால் ஏக்கருக்கு ஆயிரம் தூர். முதுகுளத்தூர், கமுதி, திருச்சுழிப் பக்கத்துத் தரிசுப் புஞ்சைகளில் இதைவிட நெருக்கமாக நிற்பதும் உண்டு, கலைந்து நிற்பதும் உண்டு. பெருக்கவும் வகுக்கவும் தோதாக இருக்கும் என்பதால் ஆயிரத்திலேயே நிற்போம்.

கூலி, வாடகை, விறகு விலை, ஆட்டு விலை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அவற்றுக்கு நான் ஒரு மதிப்பு வைத்திருக்கிறேன். வாசகர் தம் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். தூர், விறகு எடை, தீவனம், ஆள் கணக்கு ஆகியவையும் என் அனுமானமே. மற்ற எண்கள் ஆய்வுகளிலும் அரசுக் கணக்கிலும் உள்ளவை.

கேள்வி இதுதான்: வெட்டிவிட்டு ஆட்டை விட்டால் புதர் ஒழியுமா? கிராமத்தில் பலர் சொல்லும் யோசனை அது. வெளிநாடுகளில் அது நடைமுறையில் உள்ள முறையும்கூட. கணக்குப் புத்தகத்தில் ஏற்றிப் பார்த்தால்தான் நம் ஊரில் அது எங்கே கால் இடறுகிறது என்று தெரியும்.

இலை: பற்று எழுத ஒன்றுமில்லை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஒரு காட்டு ரோஜாப் புதர் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து போன செடி. 1930களிலிருந்து அந்நாட்டு மண்வளப் பாதுகாப்புத் துறையே உயிர்வேலியாகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் நடச் சொல்லிப் பரப்பியது. பிற்பாடு அதை ஒழிக்க வெள்ளாடுகளை விட்டார்கள், பலன் கிடைத்தது. நியூசிலாந்தில் கோர்ஸ் என்ற முட்புதருக்கும் இதே வைத்தியம்.

இது வேலை செய்யும் விதம் எளிது. வெட்டுப்பட்ட புதர், வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்துத் துளிர்க்கும். துளிர் இலையாகி அந்தச் செலவை ஈடுகட்டுவதற்குள் ஆடு கடித்துவிட்டால் வேருக்கு நட்டம். மறுபடி துளிர்க்கும், மறுபடி கடி. இரண்டு மூன்று பருவத்தில் கையிருப்பு தீர்ந்து தூர் பட்டுப்போகும். பின்னங்காலில் எழும்பினாலும் ஆட்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் அவ்வளவாக எட்டாது. எட்டாத உயரத்தை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவருவது அரிவாளின் வேலை. அரிவாளுக்குக் கூலி ஒரு முறை, ஆட்டுக்குக் கூலியே இல்லை. அதனால்தான் அந்த ஊர்களில் கணக்கு கட்டுப்படியாகிறது.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது. ஆடு இலையைத் தின்ன வேண்டும்.

சீமைக்கருவை இலையில் புரதம் இருக்கிறது; கூடவே ஆல்கலாய்டும் துவர்ப்புச் சத்தும் இருப்பதால் ஆடு சீந்துவதில்லை. கொடும் பஞ்சத்தில் நுனித்தளிரைக் கிள்ளும், அவ்வளவுதான். வெட்டிய தூரிலிருந்து சுற்றிலும் ஏழெட்டுக் கிளை தழைத்து நிற்கும் நிலத்தில் ஒரு மந்தையை விட்டுப் பாருங்கள். ஆடுகள் தூருக்குத் தூர் முகர்ந்துவிட்டு, நடுவில் கிடக்கும் காய்ந்த அருகைத் தேடிப் போகும். சீமைக்கருவைக்கு வேலிக்காத்தான் என்றும் ஒரு பெயர்; வேலியாக நட்டால் ஆடுமாடு தின்னாது. 1876இல் சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம் இந்த மரத்தின் விதை வேண்டும் என்று எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்து 1877இல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். காவல் போடாமலே வளரும் மரம் என்பதுதான் பிற்காலத்தில் வறண்ட நிலங்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோன தகுதி. அந்தத் தகுதியே இன்று நம் கணக்கில் முதல் இழப்பு. ஆயிரம் தூருக்கு ஏழு கிளை வீதம் ஏழாயிரம் கிளை தழைத்து நிற்க, ஆடு கழித்துத் தரும் தொகை ஏறக்குறைய சுழி.

நெத்து: ஆடு எழுதும் கடன் சீட்டு

இலையைத் தொடாத ஆடு, சீமைக்கருவையின் காய்ந்த காயான நெத்துக்கு உயிரை விடும். பங்குனி, சித்திரையில் மேய்ச்சல் காய்ந்து கிடக்கும்போதுதான் சீமைக்கருவை மஞ்சள் நெத்தாகச் சொரியும். தொரட்டியால் ஒரு கிளையை உலுக்கினால் போதும், அந்தச் சத்தத்துக்கே மந்தை திரும்பி ஓடிவரும். இனிப்பு அப்படி. நெத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு புரதம், அதைவிட அதிகம் சர்க்கரை. கோடையில் மேய்ச்சல் ஆட்டின் உடல் வற்றாமல் காப்பதில் நெத்துக்குப் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு மரத்தைத் திட்டுவது நேர்மையான கணக்கு ஆகாது.

இனி விதைக்கு வருவோம். சீமைக்கருவை விதை கிலோவுக்கு 25,000 முதல் 30,000 நிற்கும். நெத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விதை. ஆக ஒரு கிலோ நெத்தில் குறைந்தது 2,500 விதை.

எத்தியோப்பியாவின் அவாஷ் பள்ளத்தாக்கில் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, சாணத்தையும் புழுக்கையையும் உடைத்து விதையை எண்ணியது. ஆட்டுப் புழுக்கை கிலோவுக்கு 760 விதை; மாட்டுச் சாணம் கிலோவுக்கு 2,833. ஆடு நன்றாக மென்று தின்பதால் பல விதைகள் உடைந்துபோகின்றன, மாடு அப்படியே விழுங்கிவிடுகிறது. தப்பி வெளியே வரும் விதைக்கு வயிற்றுச் சாறு தோலை இளக்கிக் கொடுத்திருக்கும், சுற்றிலும் எருவும் இருக்கும். விதைப்பவர் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

இருபத்தைந்து கிலோ ஆடு ஒன்று நாளைக்கு உடல் எடையில் மூன்றரை சதவீதம், அதாவது ஏறக்குறைய 875 கிராம் உலர்தீனி எடுக்கும். பாதி செரித்தது போக 440 கிராம் புழுக்கை. கிலோவுக்கு 760 என்றால் ஓர் ஆடு நாளைக்கு 330 விதை. நாற்பது ஆட்டு மந்தைக்கு 13,200. நெத்துக்காலம் அறுபது நாள் என்று வைத்தால் 7,92,000 விதை. நூற்றில் ஒன்று பிழைத்தாலும் 7,920 செடி. நாம் வெட்டப் புறப்பட்ட ஏக்கரில் மொத்தமே ஆயிரம் தூர்தான். ஒரு கோடையில் ஒரு மந்தை எட்டு ஏக்கருக்கான நாற்றைப் போட்டுவிடுகிறது.

பழியை ஆட்டின் மேல் மட்டும் போடவும் முடியாது. 250 கிலோ மாடு ஒன்றின் சாணத்தை உலர் எடையில் மூன்று கிலோ என்று கொண்டால் நாளைக்கு 8,500 விதை. ஒரு மாடு இருபத்தைந்து ஆட்டுக்குச் சமம். மாட்டுச் சாணத்தில் ஒரு பகுதி குப்பைக்குழிக்குப் போய்ச் சூட்டில் வெந்துவிடும் என்பது ஒரு கழிவு. மேய்ச்சலில் விழுந்த சாணத்துக்கு அந்தக் கழிவும் இல்லை.

என் பார்வையில் இந்தக் கணக்கின் மிகப் பெரிய ஓட்டை கிடையில் இருக்கிறது. அறுப்பு முடிந்த நிலத்தில் மந்தை மேய்க்கும் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடுவது தெற்கத்திச் சீமையில் பழைய வழக்கம். இரவெல்லாம் மந்தை ஒரே இடத்தில் அடைந்து புழுக்கையும் மூத்திரமும் விட, அதற்கு நிலக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். கிடை போடும் பருவமும் நெத்து விழும் பருவமும் ஒன்றே. இருநூறு உருப்படி கொண்ட கிடை ஓர் ஏக்கரில் ஓர் இரவு அடைந்தால், நாளின் புழுக்கையில் பாதி அங்கே விழும் என்று கொண்டால், உருப்படிக்கு 165 விதை. மொத்தம் 33,000. செம்மறிக்கும் வெள்ளாட்டின் எண்ணையே போட்டிருக்கிறேன். சதுர மீட்டருக்கு எட்டு விதை! காசு கொடுத்து எரு வாங்குகிறோம் என்று நினைத்து விதைப்புக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கிறோம்.

உழுது பயிர் செய்யும் நிலத்தில் இதனால் பெரிய கேடில்லை. முதல் மழைக்கு முளைத்ததை ஏர் மடக்கிவிடும். உழாத வரப்பு, தரிசு, கண்மாய் உள்வாய் ஆகிய மூன்றும்தான் மாட்டிக்கொள்கின்றன. தரிசைத் திருத்துவதற்காகவே கிடை போடுபவர் கீதாரியிடம், “அண்ணே, போன வாரம் மந்த எங்க மேஞ்சுது?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். நெத்துக்காட்டிலிருந்து வரும் மந்தையை ஒரு வாரம் நெத்தில்லாத இடத்தில் மேயவிட்டு அப்புறம் அடைத்தால், வயிற்றில் இருந்த விதையில் பெரும்பகுதி வேறெங்கோ கழிந்திருக்கும். வேறெங்கோ என்பது யார் நிலம் என்று கேட்டால் அது தனிக் கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் இந்த மரக் குடும்பத்தின் விதையைத் துளைத்துத் தின்னும் வண்டை 1987இல் கொண்டுவந்து விட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை. வண்டு வந்து சேர்வதற்குள் ஆடுமாடுகள் நெத்தைப் பொறுக்கித் தின்றுவிடுகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விதையைக் கொல்ல வந்த வண்டுக்கும் விதையைப் பரப்பும் ஆட்டுக்கும் நடந்த போட்டியில் ஆடு ஜெயித்தது.

தூர்: மேல் ஓரடியின் விலை

சீமைக்கருவை வேர் 175 அடி போகும் என்று மேடைக்கு மேடை கேட்டிருப்போம். அந்த எண்ணின் பிறப்பிடம் அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழி. அங்கே 53 மீட்டர் ஆழத்தில் கண்ட வேர் இதே குடும்பத்தின் வேறோர் இனத்துடையது. நமக்கு அந்த ஆழம் தேவையே இல்லை. மறுதுளிர் விடும் கணுக்கள் தரைமட்டத்தை ஒட்டிய மேல் ஓரடிக்குள்தான் இருக்கின்றன. மேலே சொன்ன எத்தியோப்பிய ஆய்விலேயே, தரைக்குக் கீழே பத்து சென்டிமீட்டரில் வெட்டிய மரங்கள் துளிர்க்கவில்லை. தரைக்கு மேலே வெட்டியவை துளிர்த்தன. பழைய தடித்த தூருக்கு ஓரடி தோண்டுவது நல்லது.

விறகு வியாபாரியின் ஆள் ஏன் தரைக்குக் கீழே வெட்டுவதில்லை? மண்ணில் பட்டால் அரிவாள் வாய் மழுங்கும். குனிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு வருடம் கழித்து அதே நிலத்துக்கு அவர் மறுபடி வர வேண்டும்.

தூருக்குப் பதினைந்து கிலோ பச்சை விறகு வீதம் ஏக்கருக்கு 15 டன். மூட்டம் போட்டால் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று டன் கரி. நிலக்காரர் கையில் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் நிற்பதாகக் கொண்டால் 15,000. வெட்டு, ஏற்று, வண்டி எல்லாம் வியாபாரி பொறுப்பு. அடுத்த வெட்டு ஐந்தாம் ஆண்டில், மறுபடி 15,000. வருடத்துக்குச் சராசரி 3,750 ரூபாய், விதையில்லை, உரமில்லை, காவலில்லை. மழை பொய்த்தாலும் வரும். ராமநாதபுரத்துப் புஞ்சையில் மழையை நம்பி மிளகாயோ மல்லியோ போடுகிறவருக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும்.

தூரோடு எடுக்க என்ன ஆகும்? மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஓர் ஆள் நாளைக்கு இருபது தூர் எடுப்பார் என்று வைப்போம். எட்டு மணி நேரத்தில் இருபது என்றால் தூருக்கு 24 நிமிடம். ஆயிரம் தூருக்கு ஐம்பது ஆள். நாள் கூலி 700 என்றால் 35,000. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26க்குத் தமிழ்நாட்டின் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கூலியில் 16,800. ஜேசிபி மணிக்கு ஐம்பது தூர் வீதம் இருபது மணி நேரம், மணிக்கு 1,400 வாடகையில் 28,000. ஜேசிபி மேல்மண்ணையும் சேர்த்துப் புரட்டிவிடும். அந்தச் சேதத்துக்கு விலை போட எனக்கு வழி தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

ஆக, விறகு 15,000 வரவு, ஜேசிபி 28,000 செலவு. கைவிட்டுப் போவது 13,000. தூருக்குப் பதின்மூன்று ரூபாய்.

ஆட்டுக்கு உரிய பத்தி

நிலம் திறந்த பிறகுதான் ஆடு வரவுப் பக்கம் வருகிறது, அதுவும் புல் வழியாக. நிழலும் முள்ளும் நீங்கிய நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தால் மானாவாரியில் ஏக்கருக்கு நான்கு டன் பசுந்தீவனம் என்று அடக்கமாகவே வைக்கிறேன். காய்ந்தால் ஒரு டன். ஆட்டுக்கு நாளைக்கு 875 கிராம் என்றால் ஏறக்குறைய 1,140 ஆட்டு நாள். வருடம் முழுக்க மூன்று ஆடு. ஆடு பத்து கிலோ கூடினால், உயிர் எடை கிலோ 350 வீதம், மூன்று ஆட்டுக்கு 10,500 ரூபாய். மூன்று ஆட்டுக்காக ஓர் ஆள் காட்டில் நிற்க முடியாது. ஏற்கெனவே முப்பது நாற்பது வைத்திருப்பவருக்கோ அவரிடம் மேய்ச்சலை விடுபவருக்கோதான் இந்தத் தொகை.

கூடவே ஒரு செலவு. மண்ணில் கிடக்கும் பழைய விதை வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட ஈரத்தில் சாண் உயரச் செடியை இரண்டு விரலால் உருவலாம், பத்து வினாடி. அதையே ஒரு வருடம் விட்டால் கடப்பாரை தேவைப்படும். நான்கு வருடம் விட்டால் மேலே சொன்ன 24 நிமிடம், அதாவது 1,440 வினாடி: 144 மடங்கு. ஏக்கருக்கு ஒரு சுற்றுக்கு மூன்று ஆள் என்றால் 2,100. வருடத்துக்கு இரண்டு சுற்று 4,200. நான்காம் ஆண்டிலிருந்து ஒரு சுற்று போதும் என்று கொள்வோம். இந்தச் செடிபிடுங்கும் கூலியைக் கட்டுவதுதான் ஆட்டின் உண்மையான வேலை.

முதல் வருடம் புல் பிடிக்காது, ஆட்டு வரவு இல்லை: 13,000 கைச்செலவும் 4,200 கூலியும் சேர்ந்து 17,200 பள்ளம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 6,300 வீதம் தூர்ந்து மூன்றாம் ஆண்டு முடிவில் 4,600 கடன் நிற்கும். நான்காம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு 8,400. நான்காம் ஆண்டு முடிவில் கையில் 3,800 மிச்சம். அதே நான்கு ஆண்டில், ஒன்றுமே செய்யாமல் மேலாக வெட்டவிட்டவர் கையில் 15,000.

அவர் ஐந்தாம் ஆண்டு இரண்டாம் வெட்டில் 30,000 தொடுவார். தூரோடு எடுத்தவர் ஏழாம் ஆண்டில் 29,000. எட்டாம் ஆண்டில் 37,400 என்று முந்துவார். ஒன்பதாம் ஆண்டு மூன்றாம் வெட்டு விழும்போது 45,800க்கு 45,000 என்று ஏறக்குறையச் சமம். பத்தாம் ஆண்டுக்கு மேல்தான் தூரோடு எடுத்தவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இடையில் ஒரே ஒரு வருடம் செடி பிடுங்காமல் விட்டால் இந்த வரிசை முழுவதும் அடித்து எழுத வேண்டியதுதான். மரத்தைக் காப்பாற்றுவது அதன் வேர் அல்ல, இந்த எட்டு வருடம்.

அரைத்த நெத்து

இன்னொரு சிறு வரவு உண்டு. நெத்தைப் பொறுக்கி அரைத்துக் கொடுத்தால் ஆட்டுக்குத் தீனி, விதைக்குச் சாவு. ஓர் ஆள் நாளைக்கு ஐம்பது கிலோ பொறுக்கினால் கிலோவுக்குக் கூலி 14 ரூபாய், அரைவைக்கு மூன்று, ஆக 17. ஒரு நாள் பொறுக்கலில் 1,25,000 விதை அழியும். கூலியில் ஒரு ரூபாய்க்கு 178 விதை. இதைவிட மலிவாகச் சீமைக்கருவையைக் கொல்லும் வழி இந்தக் கட்டுரையில் வேறெங்கும் இல்லை. ஆனால் அரைவையில் கவனம் வேண்டும். வெயிலில் மொறமொறவென்று காய்ந்த நெத்துதான் அரைபடும். கொஞ்சம் ஈரம் ஏறினாலும் சர்க்கரை பாகாகி அரைவை இயந்திரத்தின் சல்லடையை அடைத்துவிடும். கல் இயந்திரத்தில் விதை நழுவிப் போகும். சுத்தியல் அரைவையும் சிறு கண் சல்லடையும் வேண்டும்.

தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பதும் நல்லது. பிரேசிலின் வடகிழக்கில் நெத்தையே பெரும்பங்கு தீனியாகத் தின்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடை நரம்பு கெட்டு முகம் கோணியது. கென்யாவின் பாரிங்கோவில் நெத்தால் ஆடுகளுக்குப் பல் போகிறது என்று மக்கள் வழக்குப் போட்டு, பல்லில்லாத ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். நம் ஊர் நீதிமன்றத்துக்கு மரம் மட்டும்தான் வந்தது.

புறம்போக்குப் பக்கம்

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவையை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், செம்மறி 45 லட்சம். கோடையில் இவற்றில் ஒரு பங்காவது நெத்துக்காட்டில் நிற்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் போடும் எந்த அகற்றல் திட்டமும் ஒரு கையால் பிடுங்கி மறுகையால் விதைப்பதாகவே முடியும்.

பட்டா நிலத்தில் 13 ரூபாயைப் போட ஒரு சொந்தக்காரராவது இருக்கிறார். கண்மாயில் யாருமில்லை. அங்கே மரம் ஏலம் போகிறது. ஏலத் தொகை உடனே வரவு. தூர் அப்படியே நிற்கும். சில வருடத்தில் மறுபடி ஏலம். ஏல நிபந்தனையில் தூருக்கு 28 ரூபாய் வைப்புத்தொகை வாங்கி, தூர் வெளியே வந்ததை எண்ணித் திருப்பித் தரலாம் என்று சொல்வது சுலபம். விறகில் தூருக்குப் பதினைந்து ரூபாய்தான் கிடைக்கும் என்று தெரிந்த வியாபாரி அந்த ஏலத்துக்கு வரமாட்டார். நூறு நாள் வேலைக் கூலியில் கைத்தோண்டலாகச் செய்தால் தூருக்கு 16 ரூபாய் 80 காசு. விறகுப் பணம் 15 போக, இழுக்கும் தொகை 1 ரூபாய் 80 காசு. ஆயிரம் தூர் உள்ள ஏக்கருக்கு 1,800 ரூபாய். அதற்கு மேல் குறைந்தது மூன்று ஆண்டுக்கு, கார்த்திகை ஈரத்தில் செடி பிடுங்க ஆள் வேண்டும். சித்திரையில் நெத்து பொறுக்கவும் ஆள் வேண்டும். முதல் வேலைக்கு மதிப்பீடு எழுதுவார்கள். அடுத்த இரண்டுக்கும் எழுதிய மதிப்பீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.